சாவி போட்டதும் எரியும் விளக்குகள்

கோச்சடை மேலக்கால் சாலையில் நிற்கும் ஒரு காரில் சாவியைத் திருப்பினால், டேஷ்போர்டு விளக்குகள் மொத்தமாக எரிந்து சில நொடிகளில் ஒவ்வொன்றாக அணையும். காரிலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு இதுதான். ஏர்பேக் விளக்கு எரிந்து அணைந்தால் சரி; அணையாமல் நின்றாலும் பழுது, எரியவே இல்லையென்றாலும் பழுது. பல்பு போனதைக்கூட மறைக்க முடியாதபடி யோசித்திருக்கிறார்கள்! ஆயில் குடுவை வடிவ விளக்கு சிவப்பில் எரிந்தால் அழுத்தம் விழுந்துவிட்டது, எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். மஞ்சள் என்றால் பட்டறைவரை போக பெரும்பாலும் அவகாசம் உண்டு.

ஏர்பேக் இருக்கும்போது பெல்ட் எதற்கு என்பார்கள். பை கண்ணிமைப்பதற்குள் சீறி விரிகிறது. பெல்ட் போடாதவர் முன்னே பாய்ந்து, விரிந்துகொண்டிருக்கும் பையிலேயே மோதுவார். 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக்கையும் பெல்ட் எச்சரிக்கையையும் சேர்த்தே கட்டாயமாக்கியது மிகச் சரி. அந்த எச்சரிக்கைச் சத்தம் எரிச்சலூட்டுவது உண்மைதான். அதை அடக்க பக்கிளில் போலி கிளிப்பைச் செருகினால், பெல்ட் போட்டாயிற்று என்று கார் நம்பிவிடும். விளக்கின் உழைப்பெல்லாம் வீண். இணையக் கடைகளில் தாராளமாகக் கிடைத்த அந்தக் கிளிப்புகளை நீக்கும்படி 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.