ஹிட் பாட்டை நம்பாமல் ஜெயித்த மேடை

அமெரிக்க நாட்டுப்பாடல் குழுவான கிங்ஸ்டன் ட்ரையோ என்றதும் எல்லோரும் 'டாம் டூலி' பாட்டைத்தான் சொல்வார்கள். ஆனால் அவர்களின் முழு பலமும் வெளிப்பட்ட '...ஃப்ரம் தி ஹங்ரி ஐ' ஆல்பத்தில் அந்தப் பாட்டே கிடையாது. 1958 ஆகஸ்டில், சான் பிரான்சிஸ்கோவின் 'ஹங்ரி ஐ' இரவு விடுதியில் நேரடியாகப் பதிவானது இது. 'டாம் டூலி' அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது நவம்பரில்தான். அதாவது, கையில் துருப்புச் சீட்டு எதுவும் இல்லாத ஒரு குழு, குடிக்கவும் சிரிக்கவும் வந்த கூட்டத்தை வெறும் பாட்டால் கட்டிப்போட வேண்டும். அந்த நெருக்கடியில் ஆடிய ஆட்டம் என்பதால்தான் இந்த ஆல்பம் எனக்கு இவ்வளவு பிடிக்கிறது.

'தே கால் தி விண்ட் மரியா' பாட்டை மட்டும் தனியாக எடுத்துக் கேளுங்கள். பாப் ஷேன் தணிந்த குரலில், அவசரமே இல்லாமல் தொடங்குகிறார். கிட்டார் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கிறது. டேவ் கார்டும் நிக் ரெனால்ட்ஸும் பின்னால் நின்று, காற்றின் பெயரை மட்டும் எதிரொலிபோல் திருப்பிச் சொல்கிறார்கள். ஒவ்வொரு சரணத்திலும் தாளம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. முதல் பத்து ஓவர் பொறுமையாக நின்றுவிட்டுக் கடைசியில் விளாசும் பேட்ஸ்மேனைப்போல, ஷேன் முழுத்தொண்டையைத் திறப்பது பாட்டு பாதி தாண்டிய பிறகுதான். அதுவரை மற்ற இருவரும் அவரை முந்தவே இல்லை. மூன்று பேர் சேர்ந்து பாடும்போது அந்த அடக்கம் லேசில் வராது.

அது தானாக வந்ததும் அல்ல. 1957-ல் 'பர்ப்பிள் ஆனியன்' என்ற இன்னொரு விடுதியில் மாதக்கணக்கில் பாடிப் பழகியவர்கள் இவர்கள். மேலாளர் ஃபிராங்க் வெர்பர் ஒத்திகையில் விட்டுக்கொடுக்காதவர். பாட்டுகளுக்கு நடுவே போகிறபோக்கில் சொன்னதுபோல் தெரியும் நகைச்சுவைகூட முன்கூட்டியே தீட்டி வைத்ததுதான். தெரிந்த பிறகும் சிரிப்பு வருகிறது, அவ்வளவு கச்சிதம்.

'மரியா' 1951-ல் வந்த ஒரு பிராட்வே இசை நாடகத்தின் பாட்டு, இதெல்லாம் நாட்டுப்பாடலா என்று தூய்மைவாதிகள் அன்றே கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. அன்றைய பெரிய கேள்வி அரசியல்தான்: வீவர்ஸ் என்ற நாட்டுப்பாடல் குழு அரசியல் காரணத்துக்காகத் தடைப்பட்டியலில் சிக்கிய காலம் அது. கிங்ஸ்டன் ட்ரையோ அரசியலை ஒதுக்கிவைத்தவர்கள் என்று பேர். ஆனாலும் உலக நாடுகளின் பகையையும் அணுகுண்டையும் கேலி செய்யும் 'தி மெர்ரி மினுவெட்'டைத் துணிந்து பாடினார்கள். ஷெல்டன் ஹார்னிக் எழுதிய அந்தப் பாட்டுக்குக் கூட்டம் வெடித்துச் சிரிப்பது பதிவில் அப்படியே இருக்கிறது.

என் வருத்தம் இதே ஆல்பத்தில் உள்ள 'விமோவே' பாட்டைப் பற்றியது. அது 1939-ல் தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா பதிவு செய்த 'ம்பூபே'யிலிருந்து வந்தது. வீவர்ஸ் வழியாக இவர்களிடம் வந்து சேர்ந்தது. இங்கே பாட்டு அமர்க்களம்தான், குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த மெட்டு உலகம் முழுக்கப் பணம் ஈட்டியபோது, லிண்டா 1962-ல் வறுமையில் இறந்தார். அவர் குடும்பத்துக்கு உரிமைத்தொகை தர உடன்பாடு ஏற்பட்டது 2006-ல்தான். பாட்டைக் கேட்பவர்கள் அந்தப் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1959 தொடக்கத்தில் வெளியான ஆல்பம் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. அடுத்த சில ஆண்டுகளில் சிகாகோவின் 'கேட் ஆஃப் ஹார்ன்', நியூயார்க்கின் 'பிட்டர் எண்ட்' விடுதிகளிலும் நாட்டுப்பாடல் ஆல்பங்கள் நேரடியாகப் பதிவாயின. கிங்ஸ்டன் ட்ரையோவைப் புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் ஸ்டூடியோ ஆல்பங்களை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் இது.