குளிர்காலத்துல மூடிடுவாங்க சார்!

எங்கள் அபார்ட்மென்ட் மூன்றாவது மாடி இளைஞர் ஜூலையில் லடாக் போய்விட்டு வந்தார். கார்கிலிலிருந்து பென்சி லா கணவாய் ஏறி இறங்கி, ஜன்ஸ்கார் பள்ளத்தாக்கு வரை போயிருக்கிறார். செல்போனில் 400 படங்கள். பச்சைப் பசேலென்று பார்லி வயல், மேய்கிற யாக் மாடுகள், பாறையில் தேன்கூடு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் ஃபுக்தால் மடாலயம். ‘சொர்க்கம் சார்’ என்றார் நாலைந்து தடவை.

‘குளிர்காலத்துல அங்க எப்படி இருக்கும் தம்பி?’ என்று கேட்டேன்.

‘அப்ப மூடிடுவாங்க சார்.’

தீவுத்திடல் பொருட்காட்சியைச் சொல்வது போல சாதாரணமாகச் சொன்னார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கணவாயில் பனி விழுந்தால் மாதக்கணக்கில் அந்தப் பாதை மூடிக்கொள்ளும். ஆனால் உள்ளே ஆயிரக்கணக்கில் ஜனங்கள் இருக்கிறார்களே, அவர்களை யாரும் மூடி வைக்க முடியாது. ஜன்ஸ்கார் பற்றி எழுதியவர்களிலும் படமெடுத்தவர்களிலும் பலருக்கு இதே கோளாறு உண்டு. கோடையில் போனவருக்கு அது சொர்க்கம். குளிரில் போனவருக்கு அது சாகசம். இரண்டு பேருமே அங்கே குடியிருப்பவரைக் கொஞ்சம் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் ஒரு விதிவிலக்கு. அலெக்ஸாண்டர் சோமா டி கோரோஷ் என்ற ஹங்கேரியர், 1823-ல் தன் இனத்தின் பூர்வீகத்தைத் தேடி ஆசியாவுக்குள் நடந்து வந்தவர், ஜன்ஸ்காரில் உள்ள ஜங்லா கிராமத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பதடிச் சதுர அறை. உள்ளே அவர், ஒரு லாமா, ஒரு வேலையாள். நெருப்பு கிடையாது, ராத்திரி விளக்கும் கிடையாது. ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு குளிர்காலம் பூராவும் திபெத்திய மொழி படித்தார். 1834-ல் கல்கத்தாவில் அவருடைய திபெத்திய-ஆங்கில அகராதி வெளியானது. இயற்கைக் காட்சி பற்றி உருகி உருகிப் பயணநூல் எழுதாமல் அகராதி போட்டாரே, அதற்கே ஒரு கும்பிடு. அகராதி போட வேண்டுமென்றால் அங்கே இருப்பவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும்.

இப்போது இரண்டு நவீன சமாசாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று, ஃப்ரெடரிக் மார்க்ஸ் எடுத்த ‘ஜர்னி ஃப்ரம் ஜன்ஸ்கார்’ (2010) என்ற ஆவணப்படம். இரண்டு புத்த பிட்சுக்கள் 17 குழந்தைகளை நடத்தியும் குதிரையில் ஏற்றியும், மலை தாண்டி மணாலிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போகிறார்கள். இன்னொன்று, ஒலிவியே ஃபொல்மி என்ற புகைப்படக்காரர் 1990-ல் பிரெஞ்சில் வெளியிட்ட ‘உறைந்த நதி’. இது முழுக்கக் குளிர்காலம். கணவாய்கள் அடைபட்டபின், உறைந்துபோன ஜன்ஸ்கார் ஆற்றின் மேலேயே நடந்து, குகைகளில் ராத்தங்கி, லே நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிறார் ஒரு தகப்பனார். இந்தப் பனிப்பாதைக்கு சாதர் என்று பெயர். போர்வை என்று அர்த்தம்.

பாதையும் பருவமும்தான் வேறு, கதை ஒன்றுதான். படிக்க வேண்டுமென்றால் பிள்ளை ஊரை விட்டுப் போக வேண்டும், அம்மா வாசலில் நிற்க வேண்டும்.

படத்தின் பலம் அந்த அம்மாக்களின் முகம். பலவீனம் பின்னணிக் குரல். ரிச்சர்ட் கெர் நல்ல நடிகர், நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து வயதுக் குழந்தையை அனுப்பிவிட்டுத் திரும்புகிறவளின் துக்கத்துக்கு ஹாலிவுட்டிலிருந்து கோனார் நோட்ஸ் வேண்டியதில்லை.

ஃபொல்மியின் படங்களிடம் எனக்கு வேறு மாதிரிச் சண்டை. அத்தனை அழகாக இருப்பதுதான் பிரச்னை. நீலப் பனிக்கட்டி நடுவே கருஞ்சிவப்பு அங்கி. பார்த்தவுடன் நமக்கும் நடக்கத் தோன்றுகிறது. குளிர் மட்டும் புகைப்படத்தில் விழுவதில்லை. வேறு வழியில்லாமல் ஒரு தகப்பன் நடந்த பாதை, இன்றைக்கு டிரெக்கிங் கம்பெனிகளின் ஜனவரி பேக்கேஜ். இந்த மாதிரிப் படங்களுக்கு அதில் பங்கே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

சரி, கோடையையும் குளிரையும் சேர்த்துப் பார்த்தவர் யாருமே இல்லையா? இருக்கிறார். ஜோனதன் மிங்கிள் எழுதிய ‘ஃபயர் அண்ட் ஐஸ்’ (2015). ஜன்ஸ்காரில் குமிக் என்று ஒரு பழைய கிராமம். அங்கே மழையை நம்பி விவசாயம் கிடையாது. குளிர்காலத்தில் மேலே விழுந்த பனி, கோடையில் உருகி ஓடையாக வந்தால்தான் பார்லி. பனி குறைந்தது, சீக்கிரமே உருகவும் ஆரம்பித்தது. ஓடை வற்றியது. தலைமுறை தலைமுறையாக இருந்த ஊரை விட்டுக் கீழே மர்தாங் என்ற பொட்டல் வெளிக்குக் குடிபெயர முடிவு செய்து, ஆற்றிலிருந்து அவர்களே கால்வாய் வெட்ட ஆரம்பித்தார்கள்.

மிங்கிள் இதை அடுப்புக் கரியோடு முடிச்சுப் போடுகிறார். விறகு, வறட்டி, டீசல் எது எரிந்தாலும் வருகிற கரித்துகள் பனிமேல் படிந்தால் வெள்ளை மங்கும், வெயிலை இழுக்கும், பனி சீக்கிரம் உருகும். புத்தகம் நடுவில் உலகம் பூராவும் சுற்றப் போய்விடுகிறது, எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. ஆனால் குமிக்குக்குத் திரும்பும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. நம் இளைஞர் போட்டோ எடுத்த அந்தப் பச்சை வயல், அவர் ‘மூடிடுவாங்க’ என்று சொன்ன குளிர்காலத்தில்தான் தீர்மானமாகிறது. இதைச் சொல்லாத எந்த வர்ணனையும் பாதி வர்ணனைதான்.

2024 மார்ச்சில் நிம்மு-பதும்-தார்ச்சா சாலை, 298 கிலோமீட்டர், இணைக்கப்பட்டுவிட்டது. அதே வருஷம் ஜூலையில் ஷிங்கு லா கணவாய்க்கு அடியில் 4.1 கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்கு முதல் வெடி வைத்தார்கள். முடிந்தால் வருஷம் பூராவும் வண்டி போகும். ‘போச்சு, அந்த அமைதியே கெட்டுப்போச்சு’ என்று இனிமேல் நிறையப் பேர் எழுதுவார்கள். டீசல் புகை பனிக்கு ஆகாது என்பதும் உண்மை. கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் பிப்ரவரி மாதத்தில் பிரசவ வலி கண்டவளைத் தூக்கிக்கொண்டு உறைந்த ஆற்றைப் பார்த்து நின்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதினால் நல்லது. நம்முடைய பத்து நாள் அமைதிக்காக அவர்கள் ஐந்து மாதம் அடைபட்டுக் கிடக்க வேண்டும் என்பது ரசனையே அல்ல.

மூன்றாவது மாடிக்காரர் போன வாரம் வந்தார். ‘ஜனவரியில சாதர் போகலாம்னு இருக்கேன் சார்’ என்றார். தாராளமாகப் போகச் சொன்னேன். போவதற்கு முன்னால் படிக்கட்டும் என்று மிங்கிள் புத்தகத்தைக் கொடுத்தேன்.

இன்னும் திருப்பித் தரவில்லை. படித்துக்கொண்டிருக்கிறார் என்று நம்புவோம்.