விளிம்பைப் பார்த்தால் தெரியும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது விதுரா. தென்மேற்குப் பருவத்திலும் நனையும், துலா மழையிலும் நனையும் ஊர். மாடியில் போட்ட ட்ரஸ் கூரை, வாசல் கேட், ஜன்னல் கிரில், கடை ஷட்டர் என்று அங்கே வெளியில் நிற்கும் ஒவ்வொரு இரும்பையும் மழை சோதித்துக்கொண்டே இருக்கிறது. அதோடு, அந்த இரும்புக்குப் பெயிண்ட் அடித்தவரின் கையையும்தான்.

நல்ல பெயிண்டர் ஒரு கேட்டை மதிப்பிடும்போது முதலில் பளபளப்பைப் பார்ப்பதில்லை. பட்டைக் கம்பியின் விளிம்பை, வெல்டிங் வைத்த இடத்தை, போல்ட்டின் தலையைப் பார்ப்பார். துரு அங்கேதான் முதலில் தலைகாட்டும். ஈரப் பெயிண்ட் கூர்மையான விளிம்பில் தங்காது; பரப்பு இழுவிசை அதை இரண்டு பக்கமும் இழுத்துக்கொள்ளும். சமதளத்தில் வேண்டிய கனத்துக்கு ஏறிய பூச்சு, விளிம்பில் வெறும் சவ்வாக நிற்கும். கண்ணுக்கு எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரியும். முதல் மழைக்காலம் முடிந்ததும் ஓரம் முழுக்கப் பழுப்புக் கோடு ஓடும்.

இதற்கு மருந்து எளியது, ஆனால் நேரம் பிடிக்கும். கிரைண்டரால் விளிம்பை லேசாக உருட்டி மழுக்க வேண்டும். பிறகு ஸ்ப்ரே கன்னைத் தொடுவதற்கு முன்பு பிரஷ்ஷை எடுத்து விளிம்புகள், வெல்டிங் கோடுகள், போல்ட், நட் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு கை பூச வேண்டும். தொழிலில் இதை ஸ்ட்ரைப் கோட் என்பார்கள். போல்ட் மரையின் பள்ளத்துக்குள் பெயிண்ட் இறங்கும்படி பிரஷ் மயிரைக் குத்தி, சுழற்றி, அதிகமாக வழிந்ததைத் துடைத்து எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். பத்து போல்ட் கொண்ட ஒரு இணைப்புக்குச் செலவாகும் நேரத்தில், பக்கத்திலிருக்கும் பெரிய தகட்டை முழுக்க ஸ்ப்ரே அடித்து முடித்துவிடலாம். கூலி சதுர அடிக் கணக்கில் இருந்தால் இந்த வேலைக்குக் காசே கிடையாது. அப்படியும் அதைச் செய்கிறவர்தான் கலைஞர்.

ஸ்ப்ரே அடிப்பதிலும் நுட்பம் குறைவில்லை. கன் பரப்புக்கு நேர்செங்குத்தாக நிற்க வேண்டும். மணிக்கட்டை மட்டும் வீசினால் நடுவில் கனமும் ஓரத்தில் மெலிவும் விழும். அதனால் தோளிலிருந்து கை முழுதும் நகர வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். கை தாமதித்தால் பெயிண்ட் வழிந்து திரை கட்டும். தூரம் கூடினால் துளிகள் காற்றிலேயே உலர்ந்து, பரப்பில் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு வந்துவிடும். தேர்ந்தவர் பையில் பல் வைத்த சிறு உலோகத் தகடு ஒன்று இருக்கும். ஈரப் பூச்சில் அதைச் செங்குத்தாகப் பதித்து எடுத்தால், எந்தப் பல் வரை நனைந்தது என்பதை வைத்து எத்தனை மைக்ரான் என்று சொல்லிவிடலாம். அனுபவசாலிகள் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆனாலும் தகட்டை வைத்து ஒரு முறை சரிபார்ப்பார்கள்.

விதுரா போன்ற ஊரில் இன்னொரு திறமையும் வேண்டும்: காத்திருக்கத் தெரிய வேண்டும். இரும்பின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது அதிகமாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலகெங்கும் இந்தத் தொழிலில் பழகிவந்த விதி. காற்றும் இரும்பும் 26 டிகிரியில் இருக்க, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பனி படியும் வெப்பநிலை ஏறத்தாழ 24 டிகிரிக்கு வந்துவிடும். இடைவெளி இரண்டு டிகிரிதான். இரும்பு தொட்டால் காய்ந்திருப்பதாகத் தோன்றும். ஆனால் அன்றைக்கு அடிக்கும் பெயிண்ட் பிடிக்காமல் பின்னாளில் உரியும். வீட்டுக்காரர் அவசரப்படுத்தும்போது, மழைவாடை அடங்கும்வரை டப்பாவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லத் துணிவும் வேண்டியிருக்கிறது.

இந்தக் கலையின் பெரிய மேடையைத் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை நூறாண்டுக்கு மேல் உப்புக்காற்றில் நிறுத்திவைத்ததில், கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி மறுபடி மறுபடி பெயிண்ட் அடித்த கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். அதன் நடுவில் செங்குத்தாக மேலே ஏறும் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி. இந்தப் புதிய பாலத்துக்குச் செய்த பூச்சு மூன்று அடுக்கு. துத்தநாகத்தை உருக்கி இரும்பின் மேல் பீய்ச்சிப் படியவைப்பது முதல் அடுக்கு. அதன் நுண்துளைகளை அடைக்கும் எபாக்ஸி அடுத்தது. வெயிலையும் உப்பையும் தாங்கும் பாலிசிலாக்ஸேன் கடைசி. 35 ஆண்டு உழைக்கும் என்ற கணக்கில் இதைத் தேர்ந்தார்கள். அடியிலிருக்கும் துத்தநாகம் செய்வது தியாகம்: மேல்பூச்சில் கீறல் விழுந்தால் இரும்புக்கு முன்னால் தான் அரிக்கப்பட்டு அதைக் காக்கும். அடுக்குகள் எல்லாம் சேர்ந்தும் அரை மில்லிமீட்டர் கனம் இராது. அந்த மெல்லிய தோலை நம்பித்தான் ராமேசுவரம் ரயில் கடலைத் தாண்டுகிறது.

ஸ்காட்லாந்தில் 1890-இல் திறந்த ஃபோர்த் ரயில் பாலத்துக்கு ஓயாமல் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருப்பார்கள் என்று உலகம் பேசிவந்தது. 2011-இல் முடிந்த பெரும் பராமரிப்பில் பழைய அடுக்குகளை இரும்பு தெரியும்வரை நீக்கிவிட்டு, கண்ணாடிச் செதில் கலந்த எபாக்ஸி பூசினார்கள். வேலையில் பெரும் பாடு அடியைச் சுத்தம் செய்ததுதான். சுரண்டாத இரும்பில் எந்த விலைக்கு வாங்கிய பெயிண்டும் நிற்காது.

பெயிண்டின் வெண்மைக்கும் விதுராவின் மாவட்டத்துக்கும் நேரடி உறவு உண்டு. திருவனந்தபுரம் கொச்சுவேளியில் 1946-இல் நிறுவிய திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம்தான் அந்த வெண்மையைத் தரும் டைட்டானியம் டை ஆக்சைடை இந்தியாவில் முதன்முதலில் தயாரித்தது. கன்னியாகுமரியின் மணவாளக்குறிச்சியிலிருந்து கொல்லத்தின் சவரை வரை நீளும் கடற்கரைக் கருமணலில் இருக்கிறது அதற்கான இல்மனைட் தாது. கொச்சுவேளியின் சரக்கு அனடேஸ் வகை. வெயில் பட்டால் சுண்ணாம்புபோலப் பொடியும் தன்மை அதற்கு அதிகம். வெளிப்புறப் பெயிண்டுக்கு ரூட்டைல் வகைதான் தோது. அதைச் சவரையில் தயாரிக்கிறார்கள். அனுபவமுள்ள பெயிண்டர் பழைய சுவரில் விரலைத் தேய்த்து, ஒட்டும் வெள்ளைப் பொடியைப் பார்த்தே பூச்சு வெளுத்துப்போன கதையைச் சொல்லிவிடுவார்.

இத்தனை தெரிந்த கைகளுக்கு நாம் தரும் பாதுகாப்பு மிகக் குறைவு. மணலைப் பீய்ச்சித் துரு நீக்கும்போது எழும் சிலிக்கா தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரிதேன் பெயிண்டின் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். முகத்தில் கட்டும் துண்டு இரண்டையும் தடுக்காது.

அடுத்த முறை உங்கள் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வரும்போது, சுரண்டவும் விளிம்பு பூசவும் ஒரு நாள் கூடுதல் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். மேகம் கறுத்திருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்றால் சரி என்று சொல்லுங்கள். வடிகட்டியுள்ள நல்ல மாஸ்க் ஒன்றும் வாங்கிவையுங்கள்.