தாயியின் குரல் தொட்ட பாரிஸ்

ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளி தொடங்கிய 1917ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ரா இசை ஒரு திருப்பத்தில் நின்றது. மாலரும் ரிச்சர்ட் ஸ்ட்ராஸும் வாத்தியங்களைப் பெருக்கிப் பெருக்கி ரொமாண்டிக் மரபை உச்சிக்கு ஏற்றிவிட்டார்கள். டெபுசி வேறு பாதை காட்டியிருந்தார். புது ஒலி தேடிய அந்தத் தலைமுறையில் சிலர் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். அவர்களை எந்த அளவுகோலால் எடைபோடுவது? நம் இசையைக் காதால் கேட்டார்களா என்பதே என் அளவுகோல்.

குஸ்தாவ் ஹோல்ஸ்ட் (1874–1934) நூல் வழியாக வந்தவர். ரிக்வேதப் பாடல்களைத் தாமே மொழிபெயர்க்கச் சமஸ்கிருதம் படித்தார். அவருடைய 'சாவித்ரி' ஆபெராவில் ராகச் சாயலைத் தேடிப் பயனில்லை. ஆனால் வாத்தியத் துணையே இல்லாமல், மேடைக்கு வெளியிலிருந்து எமனின் குரல் எழும் தொடக்கம் மகத்தானது. கடற்படையில் பணியாற்றிய ஆல்பர்ட் ரூசெல் 1909இல் இங்கே வந்து, எல்லோரா, ஜெய்ப்பூர், காசி ஆகியவற்றை 'எவொகேஷன்ஸ்' படைப்பில் தீட்டினார். வண்ணம் ஏராளம், பார்வை பயணியுடையது.

மோரிஸ் டெலாஜ் அப்படியல்ல. ராவெலின் நெருங்கிய நண்பரான இந்தப் பாரிஸ்காரர், 1912இல் இந்தியப் பயணம் முடித்துத் திரும்பினார். கோயம்புத்தூர் தாயி பாடிய கிராமபோன் இசைத்தட்டு அவரை ஆட்கொண்டது. தாயி பாடிய அருட்பாவை அடியொற்றி 'ராகமாலிகா' எழுதினார். சொற்களையும் தமிழிலேயே விட்டுவைத்தார்! பியானோவின் ஒரு தந்தியை அட்டை வைத்து மந்தமாக்கி, நம் தாள வாத்தியம்போல் ஒலிக்கச் செய்தார். ராகத்தின் அடியில் ஸ்வரக்கோவைகளை அடுக்கினால் கமகம் நசுங்கிவிடும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. ரூசெலின் பெரும் ஆர்கெஸ்ட்ராவைவிட இந்தச் சிறு பாட்டையே நான் மேலாக வைப்பேன்.

மான்செஸ்டரில் பிறந்த ஜான் ஃபோல்ட்ஸ் (1880–1939) எடுத்த வழி இன்னும் துணிச்சலானது. அவருடைய மனைவி மாட் மெக்கார்த்தி, அன்னி பெசன்ட்டுடன் இந்தியா வந்து நம் இசையைப் பயின்ற வயலின் கலைஞர். அந்தப் பாடம் கணவருக்கும் கிடைத்தது. 1929இல் எழுதிய 'டைனமிக் டிரிப்டிக்' பியானோ கன்செர்ட்டோவின் முதல் பகுதி ஒரே ஏழு ஸ்வர வரிசைக்குள் நிற்கிறது. அந்நிய ஸ்வரம் எட்டிப் பார்ப்பதில்லை. மேளத்துக்குக் கட்டுப்பட்டே பிரம்மாண்டமான ஒலியை எழுப்பலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1935இல் இங்கேயே வந்துவிட்டார். டெல்லி வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பேற்று, இந்திய வாத்தியக்காரர்களை வைத்துக் குழு அமைத்தார். ஹார்மோனியத்தின் அசையாத சுருதி நம் இசைக்குக் கேடு என்று வாதாடினார். கல்கத்தாவில் காலரா அவரைக் கொண்டுபோனது. இன்னும் பத்தாண்டு வாழ்ந்திருந்தால் என்னவெல்லாம் எழுதியிருப்பாரோ!

எதிர்த்திசைப் பயணமும் நடந்திருக்கிறது. பண்ணைப்புரத்து இளையராஜா பாஹை நம் ராகங்களோடு பேசவைத்து 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பைத் தந்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார்.

மான்ட்ஃபோர்ட் போன்ற சேர்வராயன் மலைப் பள்ளிகளின் இசை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பீத்தோவனுக்கும் மொசார்ட்டுக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு பங்கை டெலாஜுக்கும் ஃபோல்ட்ஸுக்கும் கொடுங்கள். முதலில் தாயியின் இசைத்தட்டு, பிறகு 'ராகமாலிகா' என்ற வரிசையில் பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள்.