கடலைக் காட்டுகிறவர்கள் ஆற்றைக் காட்டுவதில்லை

1

சுற்றுலா வழிகாட்டியின் பேச்சை விமர்சனத்துக்குரிய பிரதியாக நம்மில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கவிதையைக் கட்டுடைக்கிறோம், சினிமாவைக் கட்டுடைக்கிறோம், மேடைப் பேச்சைக் கட்டுடைக்கிறோம். பஸ்ஸின் முன்னால் மைக்கோடு நின்று 'லெஃப்ட்ல பாருங்க' என்று சொல்கிற மனிதரை மட்டும் விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரு நிலப்பரப்பில் எது வரலாறு, எது வெறுமனே கடந்துபோக வேண்டிய வழி என்று பிரித்துக்கொடுக்கிற அதிகாரம், பள்ளிப் பாடப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக அந்தப் பேச்சிடம்தான் இருக்கிறது. 'லெஃப்ட்ல பாருங்க' என்றால் 'ரைட்ல பார்க்காதீங்க' என்றும் பொருள். தோல் ஷாப்புகள் எப்போதும் ரைட்டில்தான் இருக்கின்றன.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் தொடங்கப்பட்டது. அதுவும் அதற்குப் பின்னால் வந்த தனியார் நிறுவனங்களும் சென்னையிலிருந்து நடத்திவருகிற பயணங்களில் இரண்டு தடங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று கிழக்குக் கடற்கரைச் சாலை: முட்டுக்காடு, முதலைப் பண்ணை, மாமல்லபுரம். மற்றது மேற்கே: வேலூர்க் கோட்டை, 2007இல் திறக்கப்பட்ட ஸ்ரீபுரம் பொற்கோயில், ஏலகிரி. மேற்கே போகிற பஸ் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் என்று தோல் ஊர்களைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. நாற்றம் வந்தால் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். ஆம்பூரில் நின்றால் பிரியாணிக்கு நிற்கும்.

இந்த இரண்டு தடங்களும் சுற்றுலா வரைபடத்தில் ஒன்றையொன்று தொடுவதில்லை. மண்ணில் தொடுகின்றன. நந்தி மலைப் பக்கம் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று தோல் ஊர்களையெல்லாம் நனைத்துக்கொண்டு வருகிற பாலாறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் கடலில் சேர்கிறது. மாமல்லபுரத்துக்கும் அந்த முகத்துவாரத்துக்கும் பெரிய தூரமில்லை. அங்கே வசவசமுத்திரம் என்றொரு இடம் இருக்கிறது. தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்த இடம். வயலூரில் ராஜசிம்மப் பல்லவனின் தூண் கல்வெட்டு இருக்கிறது. பழமை வேண்டுமென்றால் பழமைக்குக் குறைச்சலில்லை. ஆனாலும் பஸ் அங்கே போவதில்லை. ஆற்றின் வாயில் நின்று பார்க்கிறவன் 'இது எங்கேர்ந்து வருது?' என்று கேட்டுவிடுவான். அந்தக் கேள்விக்கு வழிகாட்டியின் பேச்சில் பதில் எழுதப்படவில்லை.

2

ரோலன் பார்த் 1957இல் வெளியான 'மித்தாலஜீஸ்' நூலில் ஒரு பிரெஞ்சு வழிகாட்டிப் புத்தகத்தை வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்தப் புத்தகத்துக்கு மலையும் தேவாலயமும் தெரிகின்றன, அங்கே வாழ்கிற மனிதர்கள் தெரிவதில்லை; தெரிந்தாலும் 'இந்த ஊர்க்காரர் இப்படி' என்கிற வகைமாதிரிகளாகத் தெரிகிறார்கள். நினைவுச் சின்னம் மனிதர்களை மறைக்கிறது என்பது அவருடைய வாசிப்பு. நம்முடைய வழிகாட்டிகளுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அங்கே நிறுத்த விரும்பவில்லை. ஏனென்றால் உழைப்பை மறைப்பதுதான் சுற்றுலாவின் இயல்பு என்பது முழு உண்மையல்ல.

டீன் மெக்கனல் 1976இல் எழுதிய 'தி டூரிஸ்ட்' நூலில் நூறாண்டுக்கு முந்தைய பாரிஸின் வழிகாட்டி நூல்களை எடுத்துக்கொள்கிறார். ஆடுமாடு வெட்டுமிடம், புகையிலை ஆலை, பிணக்கிடங்கு, சாக்கடை எல்லாம் அன்றைக்குச் சுற்றிப்பார்க்கிற இடங்கள். பாரிஸ் சாக்கடைக்குள் பொதுமக்களைக் கூட்டிப்போவது 1867இலேயே தொடங்கிவிட்டது. ஆக, 'அதெல்லாம் யாருங்க பாக்க வருவாங்க?' என்று நம் ஊரில் சொல்வது இயற்கையான அருவருப்பு இல்லை. அது ஒரு குறிப்பிட்ட சமூகம் கட்டமைத்துக்கொண்ட அருவருப்பு. அதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: தீட்டு.

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் தோல் பதனிடும் களம் உலகப் புகழ் பெற்ற காட்சி. தரையெல்லாம் வட்டவட்டமாகத் தொட்டிகள், இடுப்பளவு சாயநீரில் இறங்கி மிதிக்கிற ஆட்கள். சுற்றுலாப் பயணி மேலே தோல் கடைகளின் மாடியில் நின்று பார்க்கிறார். நாற்றம் தாங்க முடியாதவர்களுக்குக் கையில் ஒரு கொத்துப் புதினா தருகிறார்கள். பார்த்து முடித்ததும் இறங்குகிற படி கடை வழியாகத்தான் போகிறது. இங்கே உழைப்பு மறைக்கப்படவில்லை, காட்சியாக்கப்படுகிறது. மேலே இருப்பவன் பார்க்கிறான், கீழே இருப்பவன் பார்க்கப்படுகிறான். இடையில் புதினா. நம் ஊரில் கண்ணாடி ஏற்றுகிறார்கள், அங்கே புதினா தருகிறார்கள். இந்த இரண்டில் எது மேல் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் எனக்குத் தயக்கம் உண்டு. அதைப் பிறகு பார்க்கலாம்.

3

வழிகாட்டிகளுக்குப் பிடித்த பெருங்கதையாடல் ஒன்று உண்டு: 'அந்தக் காலத்துலயே நம்ம ஆளுங்க உலகத்தோட வியாபாரம் பண்ணாங்க.' பூம்புகாரில் சொல்வார்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த அரிக்கமேட்டில் சொல்வார்கள். யவனர் வந்தார்கள், ஜாடி கொண்டுவந்தார்கள், பொன் கொண்டுவந்தார்கள். பழைய கடற்கரையும் பழைய அங்காடியும் இந்தக் கதையின் இரண்டு தூண்கள்.

சிலப்பதிகாரத்தின் புகார் வருணனையை நாமே ஒருமுறை வாசித்துப் பார்ப்போம். ஊர் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கடலோரம் மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம். நடுவில் மரநிழலில் நாளங்காடி. பட்டினப்பாக்கத்தில் அரசன், அந்தணர், பெருவணிகர். மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருப்பிடம், மீன் விற்பவர், உப்பு விற்பவர், கள் விற்பவர், இறைச்சி விற்பவர், கொல்லர், தச்சர். அந்தப் பட்டியலில் துணி தைக்கிறவருக்குப் பக்கத்திலேயே தோல் தைக்கிறவரும் நிற்கிறார். இளங்கோ அவரை விட்டுவிடவில்லை. ஊர் பிரிந்திருப்பதையும் மறைக்கவில்லை. நம்முடைய 'உலக வணிகம்' என்கிற பெருமிதத்தில்தான் அவர் காணாமல் போகிறார். புகாரின் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கண்ணகி கதையைக் கல்லில் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களில் எத்தனை பேருக்கு மருவூர்ப்பாக்கம் என்று ஒன்று இருந்தது ஞாபகம் இருக்கும்?

புறநானூற்றின் 82ஆம் பாட்டு இதைவிடக் கறாரானது. கட்டிலுக்கு வார் பின்னுகிறவனின் கைவேகம் அதில் உவமையாக வருகிறது. வேகத்தைப் புகழ்கிற அதே பாட்டு அவனை 'இழிசினன்' என்கிறது. கை வேண்டும், ஆள் கீழே இருக்க வேண்டும். இந்தத் தர்க்கம் எங்கள் பகுதிக்குப் புதிதல்ல.

இன்றைக்கு மருவூர்ப்பாக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் ஆம்பூரைச் சொல்வேன். யவனர் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 'பையர்' என்று அவர்களுக்கு இப்போது பெயர். அவர்கள் கொடுத்த அளவுக்கு எங்கள் ஷூ கம்பெனிப் பெண்கள் மேல்தோல் தைக்கிறார்கள். பெட்டி சென்னைத் துறைமுகம் போகிறது. ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய ஏற்றுமதி என்றால் பாரம்பரியம், போன வாரத்து ஏற்றுமதி என்றால் பொல்யூஷன். தோல் தைத்தவர் செத்து, அவர் சேரி அழிந்து, மண் மூடி, ஓடாகக் கிடைத்தால்தான் அது பண்பாடு ஆகும்போல.

4

வேலூர்க் கோட்டைக்குள் தோலே வராது என்றில்லை, ஒரே ஒரு தடவை வருகிறது. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியைச் சொல்லும்போது அதன் காரணங்களில் ஒன்றாகப் புதிய தலைப்பாகையைச் சொல்வார்கள். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது; தலையில் தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகை. மாட்டுத்தோலோ பன்றித்தோலோ என்கிற கொதிப்பு. புரட்சியின் காலனிய எதிர்ப்பை நான் குறைத்துப் பேசவில்லை. பஸ்ஸில் வந்தவர் கேட்கிற கதையில் தோலுக்குக் கிடைக்கிற ஒரே வேடம் எது என்றுதான் கேட்கிறேன். தலையில் பட்டால் தீட்டாகிற பொருள். அதை உரித்தவர், ஊறவைத்தவர், தைத்தவர் யாரும் அந்தக் கதையில் பாத்திரங்கள் இல்லை. கதை கேட்டு முடித்துவிட்டு ஜலகண்டேசுவரர் கோயிலுக்குப் போகும்போது எல்லாரும் தோலை வாசலில் கழற்றிவைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

இதே தர்க்கம் 2022இல் வெளிப்படையாக நடந்தது. திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று அறிவித்தது. ஊரின் புகழைக் காட்டுவதுதான் நோக்கம். பலவகைப் பிரியாணி உண்டு, மாட்டிறைச்சிப் பிரியாணி மட்டும் கிடையாது. தலித், இஸ்லாமிய அமைப்புகள் எதிர்த்தன, நாங்களே கடை போட்டுத் தருகிறோம் என்றன. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு என்று விளக்கம் கேட்டது. மழை வரும் என்று சொல்லி விழா தள்ளிவைக்கப்பட்டது.

மழையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். தோல் வேறு மாட்டிலிருந்தும் கறி வேறு மாட்டிலிருந்துமா வருகிறது? தோலுக்கு அந்நியச் செலாவணி, ஏற்றுமதி விருது. கறிக்கு மேடையில் இடமில்லை. ஆம்பூரைக் காட்சிப்படுத்த வேண்டும், ஆனால் ஆம்பூரில் தின்கிறதைக் காட்டக் கூடாது. சீரகச் சம்பா இருக்கலாம், கத்தரிக்காய் இருக்கலாம். பன்மை என்பது இங்கே மெனு அட்டையின் பன்மை. எந்தச் சாப்பாடு யாருடைய உடம்போடு, யாருடைய தெருவோடு ஒட்டியிருக்கிறதோ அது மட்டும் மெனுவிலிருந்து கழன்றுவிட வேண்டும்.

5

எங்கள் ஊருக்கு ஒரு வழிகாட்டி நூல் இருக்கிறது. அதைச் சுற்றுலாத் துறை எழுதவில்லை, உச்ச நீதிமன்றம் எழுதியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனம், பாழான விளைநிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் என்று அது அடுக்குகிறது. மாசுபடுத்தியவர் ஈடுகட்ட வேண்டும் என்கிற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர்கள் எங்கள் ஊரை அதன் வழியாகத்தான் அறிவார்கள். இருபத்தெட்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி தீர்ப்பெழுத வேண்டியிருந்தது: இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும் என்று.

இந்த நூலிலும் ஒரு மௌனம் இருக்கிறது. விவசாயி இருக்கிறார், கிணறு இருக்கிறது, ஆறு இருக்கிறது. தொழிலாளி 'வேலைவாய்ப்பு' என்கிற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போகிறார். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஆற்றைக் காப்பாற்றுவதற்காகக் கட்டியது அவர்கள் மேல் இடிந்தது.

குரோமும் தானாக வந்ததல்ல. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் பதனிட்ட தோல்தான் எங்கள் பழைய சரக்கு. அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை 1970களில் அரசு கட்டுப்படுத்தி, முழுசாக முடித்த தோலாக, ஷூவாக அனுப்பச் சொன்னது. டாலர் கூடும் என்பது கணக்கு. கூடவே குரோமும் பெருகியது. நாளைக்கே யாராவது 'பாரம்பரியத் தோல் கிராமம்' என்று ஒன்றைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டி ஆவாரம் பட்டை ஊறுகிற தொட்டியைக் காட்டுவார்கள் என்று எனக்கு ஒரு பயம் உண்டு. பட்டைக்குப் பாரம்பரியம் என்று பெயர் கிடைக்கும், குரோமுக்கு எங்கள் கிணறுகள் கிடைக்கும்.

6

'அப்படின்னா நாமளே ஒரு டூர் நடத்தலாமே' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மாற்றுச் சுற்றுலா, மக்கள் சுற்றுலா. தாராவியில் வழிகாட்டிகள் தோல் பட்டறைக்குள் ஆட்களைக் கூட்டிப்போகிறார்கள், வருமானத்தில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிறது என்று எடுத்துக்காட்டும் சொல்கிறார்கள். முன்னால் தயங்கிய இடம் இதுதான். நம் வரைபடத்தில் ஆம்பூரைச் சேர்த்துவிட்டால் போதும் என்றால் நாம் ஃபெஸ் நகரத்து மாடியைத்தான் கட்டுகிறோம். இடதுசாரிப் புதினாவும் புதினாதான்.

எனவே சில நிபந்தனைகளை விவாதத்துக்கு வைக்கிறேன். முதலாவது, பயணம் முகத்துவாரத்தில் தொடங்க வேண்டும். வயலூரில் கடலைப் பார்த்து நின்றவர்களைத் திருப்பி, ஆற்றோடு மேலே நடத்த வேண்டும். மாமல்லபுரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1984இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம், நல்லதுதான். அந்தக் கற்களிலிருந்து ராணிப்பேட்டைக்கு ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்க்கட்டும். இரண்டாவது, வழி சொல்கிறவர் அந்த வேலையைச் செய்தவராக இருக்க வேண்டும், எதைக் காட்டக் கூடாது என்று முடிவெடுக்கிற உரிமை அவருக்கு இருக்க வேண்டும். வீட்டை, உடம்பை, கையில் இருக்கிற ரசாயனப் புண்ணைக் காட்ட மாட்டேன் என்று அவர் சொன்னால் அதோடு விஷயம் முடிந்தது. மூன்றாவது, கேள்வி இரண்டு பக்கமும் போக வேண்டும். வந்தவர் கேட்பார், 'இங்கே எவ்வளவு கூலி?' என்று. வேலை செய்கிறவரும் கேட்கட்டும்: 'உங்க ஷூவைக் கழட்டுங்க, பார்க்கலாம். இது என்ன விலைக்கு வாங்கினீங்க? இதுல எந்தத் தையல் எங்க கைன்னு தெரியுமா?'

மூன்றாவது நிபந்தனைக்குப் பயணிகள் உடன்படுவார்களா என்பது சந்தேகம்தான். காசு கொடுத்து வந்தவர் பதில் சொல்ல வரவில்லை. தொழிற்சங்கங்களும் பாலாற்றுக்காகப் போராடுகிறவர்களும் ஒரே நடையில் சேர்ந்து வருவார்களா என்பது அதைவிடப் பெரிய சந்தேகம். ஒருவருக்கு ஷாப்பு மூடினால் வேலை போகும், மற்றவருக்கு மூடாவிட்டால் தண்ணீர் போகும். இந்த முரணை எந்த வழிகாட்டியும் நமக்காகத் தீர்த்துவைக்கப் போவதில்லை. வயலூரிலிருந்து ஆம்பூர்வரை ஆற்றுமணலில் நடக்கிற அந்த நாட்களில், இரண்டு தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியாக வேண்டியிருக்கும். சுற்றுலா என்கிற சொல்லை அதற்குப் பிறகும் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.