சந்திரசேகரன் பார்க்காதவை

சரித்திர நாவல் என்றதும் தஞ்சைப் பக்கத்து வாசகனுக்கு 1950-54இல் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’தான் நினைவுக்கு வருகிறது. அதன் வந்தியத்தேவனும் இளைஞனே. ஆனால் அவனுக்குச் சாத்திய கதவு கிடையாது. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதியாலோசனையையே அவன் பார்த்துவிடுகிறான். அவன் பார்க்காததில் பெரும்பாலானவற்றைக் கல்கி சொல்லிவிடுவார். சரித்திரம் தெரிந்துகொள்ளக்கூடியது என்ற சௌகரியம் பெரும்பாலும் கலைவதில்லை.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977) இந்தச் சௌகரியத்தைப் பறித்துவிடுகிறது. நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்கள், ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்தியப் படைகளின் நுழைவு -- எல்லாமே செகந்திராபாத்தில் கிரிக்கெட் பித்துப் பிடித்த ஒரு கல்லூரிப் பையனின் கண்ணுக்குள் அடங்கியாக வேண்டும். ஹைதராபாத் அரண்மனையும் டில்லியும் சந்திரசேகரனுக்கு வெறும் வதந்திகள்.

இதை வெகுளிப் பார்வை என்று பாராட்டிவிட முடியாது. வெகுளிக்குப் பொறுப்பில்லை. முடிவில் கலவரத்தினிடையே அவன் நுழைந்துவிடும் முஸ்லிம் வீட்டில், தன் குடும்பத்தைக் காக்க ஒரு பெண் அவன்முன் ஆடை களைந்து நிற்கிறாள். அவள் பார்வையில் அவன் வென்ற தரப்பு. தான் எந்தத் தரப்பு என்று அவன் யோசித்து முடிக்குமுன் சரித்திரம் அவனைத் தரப்பாக்கிவிட்டது. விவரம் அறிந்த ஒருவன் தன் விளக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். இவனுக்கு ஓடத்தான் முடிகிறது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975) அதை டில்லியிலிருந்து வந்த படித்தவன் கோபால் வழியே அணுகுகிறது. நிலச்சுவான்தாரின் ஆண்மைக்குறைவு வன்முறைக்கு விளக்கமாகிறது. விளக்கம் கிடைத்ததும் வாசகன் தப்பிவிடுகிறான்: அது அந்த ஒருவனின் வியாதி.

பயிர்க்கடனுக்குச் சிட்டா, அடங்கல் சரிபார்ப்பது என் ஜீவனம். அவற்றில் நிலம் யாருடையது என்றிருக்கும். நாற்று நட்டவள் பெயர் இருக்காது. அப்பெயர்களை அறியாமலே அந்த நெல்லைத் தின்று வளர்ந்த மிராசு வீட்டுப் பையன் ஒருவன், அவனுக்கு யாரும் எதையும் விளக்காத நிலையில், மறுநாள் காலை அந்தச் சாம்பலெதிரே நின்றிருந்தால் எப்படியிருக்கும்? குடிசைக்குள் நடந்தது அவனுக்குத் தெரியாது. தன்னைப் பார்த்ததும் எதிரே நிற்பவர்கள் ஏன் விலகுகிறார்கள் என்பது மட்டும் மெல்லப் புரியும். காவிரிப் படுகையின் சரித்திர நாவல் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.