அரெதூசா ஊற்றும் அதன் ஐதிகங்களும்: ஒரு விமர்சன நோக்கு

சிசிலித் தீவின் கிழக்குக் கரையிலுள்ள சிரக்கியூஸ் நகரம் கி.மு. 8ஆம் நூற்றாண்டிலே கொரிந்தியக் குடியேறிகளால் நிறுவப்பட்டது. அந்நகரின் மூலப் பகுதியாகிய ஓர்தீஜியா என்னும் சிறு தீவில், கடலோரத்தில், அரெதூசா என்ற நன்னீர் ஊற்று அமைந்துள்ளது. கிரேக்கத்தின் அல்பேயஸ் ஆற்றுத் தெய்வம் அரெதூசா என்னும் நீரணங்கைத் துரத்தியது என்றும், ஆர்ட்டெமிஸ் தேவி அவளை இத்தீவிலே ஊற்றாக வெளிப்படச் செய்தாள் என்றும், ஆறும் கடலடியாகத் தொடர்ந்து வந்து, உப்புநீருடன் கலவாமலே அவளைச் சேர்ந்தது என்றும் ஐதிகம் கூறும்.

இவ்வைதிகம் பண்டைக் காலத்திலேயே விவாதத்துக்குரியதாயிற்று. ஒலிம்பியாவிலே பெருமழை பெய்தபோது, பலியிட்ட எருதுகளின் சாணமும் ஒரு பொற்கிண்ணமும் அரெதூசாவில் வெளிப்பட்டன எனத் திமேயஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதியதைப் பொலிபியஸ் கண்டித்தார். அல்பேயஸ் கடலிற் கலக்கும் முகம் கண்கூடாகத் தெரிகின்றது. அதனை விழுங்கும் பிளவு எதுவும் அங்கில்லை என ஸ்திராபோ வாதிட்டார். ஆனால், கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான பௌசானியஸ், டெல்பியின் தெய்வவாக்கையே சான்றாகக் காட்டி இதனை ஏற்றுக்கொண்டார்.

மறுத்தோர், ஏற்றோர் ஆகிய இரு சாராரும் கதை மெய்யா பொய்யா என்ற ஒரே வினாவினுள் நின்றனர். அக்கதை ஏன் தோன்றியது என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினாவாகும். அல்பேயஸ் ஆறு அர்க்கேடியாவின் சுண்ணாம்புக்கற் பிரதேசத்திலே நிலத்துள் மறைந்து மீண்டும் தோன்றும் இயல்புடையது. ஓர்தீஜியாவின் ஊற்றும் உள்நாட்டுச் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தில் விழும் மழைநீர் நிலத்தடியாக வந்து வெளிப்படுவதேயாகும். கண்ட உண்மை ஒன்றைக் காணாத தூரத்துக்கு நீட்டியதே கற்பனையின் பணி. அதற்குத் தூண்டுகோலாக இருந்தது குடியேறிகளின் மனநிலை எனலாம். தாயகத்தைப் பிரிந்து வந்த மக்களுக்கு, தாய்நாட்டின் ஆறு தம்மைப் பின்தொடர்ந்து வந்ததென்ற கதை உரிமையையும் ஆறுதலையும் ஒருங்கே அளித்திருக்கும். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் கிமோன் என்ற கைவினைஞன் வடித்த நகரின் வெள்ளி நாணயத்தில் அரெதூசாவின் முகம் பொறிக்கப்பட்டமை இதற்குப் பொருத்தமானதே.

எனினும், சமூகப் பயனை மட்டும் கூறி அமைவது திறனாய்வாகாது. ஓவிட்டின் காவியத்தில் அரெதூசாவே தன் கதையைக் கூறுகின்றாள். அது அச்சத்தின் கதை, காதலின் கதையன்று. அவள் ஓடியது மறுப்பினால். ஆனால் 1820இல் ஷெல்லி இயற்றிய கவிதையிலே துரத்தியவனும் துரத்தப்பட்டவளும் ஈற்றில் இணக்கமுற்று ஒன்றுகூடி வாழ்கின்றனர். வன்முறையை இணைவாக மாற்றும் இவ்விளக்கத்தின் சொல்லழகை ஏற்கும் நாம், அதன் அறநோக்கை ஏற்பதற்கில்லை.

இதனினும் முக்கியமான மறைப்பு ஒன்றுண்டு. நீர் கடலூடு வந்தும் கலவாதது என்பதே ஐதிகத்தின் உயிர்நாடி. வேர்ஜில் தமது பத்தாவது முல்லைப் பாடலில், கடலின் கசப்பு அரெதூசாவிற் கலவாதிருக்க வேண்டுமென வாழ்த்துகின்றார். ஆனால் கி.மு. 70இல் வெரஸ் என்ற ஆளுநனுக்கெதிராகச் சிசரோ எழுதிய உரையோ வேறொரு செய்தியைத் தருகின்றது: கற்சுவர் ஒன்று கடலைத் தடுத்திராவிடின் ஊற்று அலைகளால் முற்றாக மூடப்பட்டுவிடும். நீரின் இனிமையைக் காத்தது தெய்வம் மட்டுமன்று. கல்லடுக்கிய தொழிலாளரும் ஆவர். கவிஞர் போற்றாத அவர்களை வழக்குரைஞர் ஒருவரின் உரையிலேயே நாம் காண்கின்றோம். 1169ஆம் ஆண்டுப் பூகம்பத்தின் பின் ஊற்று கலங்கி உவர்ப்புற்றதாகச் சிசிலியின் மத்தியகால வரலாற்று நூலொன்று குறிப்பிடுகின்றது. கலவாத நீரும் கலக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சுண்ணாம்புக்கற் படுக்கையின்மேல் வாழும் யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இஃது அந்நியமான பொருளன்று. நிலாவரையில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்னும் வழக்கு, ஒலிம்பியாவின் கிண்ணக் கதைக்கு உடன்பிறந்ததாகும். நிலத்தடி நீரின் ஒருமைப்பாட்டை உணர்ந்த மக்களின் அறிவு இரண்டிலும் பொதிந்துள்ளது. ஆயின், நமது கிணறுகளின் நன்னீரும் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படையே. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலெழும். ஐதிகம் ஊற்றின் அருமையை நமக்கு உணர்த்துகின்றது. அதனைக் காக்கும் சுவரை எழுப்புவதோ மனிதரின் கடன். இவ்விரண்டையும் பிரித்தறியத் துணைபுரிவதே ஐதிக ஆய்வின் பயன் என நாம் கருதுகின்றோம்.